பதினெட்டு இலக்கம் இல்லாதவர்கள்: சீனாவில் வெளிநாட்டவரின் அன்றாடம்

சீனாவுக்கு வேலைக்குப் போகிறேன் என்று ஒருவர் சொன்னால், ஊரில் முதலில் கிளம்பும் கேள்வி சாப்பாட்டைப் பற்றியதாகத்தான் இருக்கும். பாம்பு தின்பார்களாமே, பூச்சி தின்பார்களாமே என்று தொடங்கும் பேச்சு, அந்த மொழியை எப்படிப் படிக்கப்போகிறாய் என்பதில் போய் முடியும். இரண்டுமே போய் இறங்கிய சில மாதங்களில் ஓரளவு பிடிபட்டுவிடும். அரிசிச் சோறு எங்கும் கிடைக்கிறது. உளுந்தைக்கூட தாவ்பாவ் என்ற இணையக்கடைச் செயலியில் தேடிப் பிடித்து, மாவரைத்து இட்லி சுடுகிறவர்கள் இருக்கிறார்கள். பேச்சு வராவிட்டாலும் கைபேசி மொழிபெயர்த்துச் சொல்கிறது. எத்தனை ஆண்டுகள் ஆனாலும் பழகாமல் உறுத்திக்கொண்டே இருப்பது வேறு விஷயம்: அங்கே எல்லோரிடமும் இருக்கும் ஓர் எண் உங்களிடம் இல்லை.

சீனக் குடிமகன் ஒவ்வொருவருக்கும் 18 இலக்க அடையாள எண் உண்டு. முதல் ஆறு இலக்கங்கள் எந்த வட்டாரத்தில் முதலில் பதிவானார் என்பதைச் சொல்லும். அடுத்த எட்டும் பிறந்த தேதி. அதற்கடுத்த மூன்று வரிசை எண். அதன் கடைசி இலக்கம் ஒற்றைப்படையாக இருந்தால் ஆண், இரட்டைப்படையாக இருந்தால் பெண். பதினெட்டாவது இலக்கம் முந்தைய பதினேழையும் வைத்துக் கணக்கிட்டுப் போடப்படும் சரிபார்ப்பு எழுத்து. நம் ஆதார் எண்ணைப் பார்த்தால் அதன் உரிமையாளரைப் பற்றி எதுவும் தெரியாது. சீன எண்ணைப் பார்த்தாலே வயது, பாலினம், பூர்வீகம் மூன்றும் தெரிந்துவிடும். இன்னொரு வேறுபாடும் உண்டு. ஆதார் குடியுரிமைக்கான சான்று அல்ல என்பதால், இந்தியாவில் போதிய நாள் தங்கியிருக்கும் வெளிநாட்டவரும் அதை வாங்க முடியும். சீன அடையாள அட்டை குடிமக்களுக்கு மட்டுமே.

இணையத்தில் ஒரு படிவம் எழுதும் சீன நிரலாளர் என்ன செய்வார்? அடையாள எண் கட்டத்தில் 18 இலக்கம் வருகிறதா, கடைசி எழுத்து கணக்குப்படி சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மேலே போகச் சொல்வார். இந்தியப் பாஸ்போர்ட் எண் ஓர் எழுத்தும் ஏழு இலக்கங்களும் கொண்டது. அதை அங்கே அடித்தால் ‘தவறான எண்’ என்று திரை சொல்லும். அந்த நிரலாளருக்கு வெளிநாட்டவர்மீது எந்த வெறுப்பும் கிடையாது. அவர் தன் வாழ்நாளில் ஒரு வெளிநாட்டவரோடும் பேசியிருக்க மாட்டார், அவ்வளவுதான்.

இதற்குக் காரணம் எண்ணிக்கை. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சீனப் பெருநிலத்தில் வாழ்ந்த வெளிநாட்டவர் 8,45,697 பேர். ஹாங்காங், மக்காவ், தைவான்காரர்கள் இதில் சேரமாட்டார்கள். மொத்த மக்கள்தொகை 141 கோடி. பத்தாயிரம் பேருக்கு ஆறு பேர் என்ற விகிதம். அந்த ஆறு பேரிலும் ஷாங்காய் உயர்மாடி அலுவலகத்தில் காபிக் கோப்பையோடு உட்கார்ந்திருக்கும் ஆசாமிதான் நிறைந்திருக்கிறார் என்று நினைத்தால் தப்பு. நாட்டுவாரியாகப் பார்த்தால் முதலிடம் மியான்மருக்கு. எல்லையோர யுன்னான் மாகாணத்தில் வேலை செய்பவர்களும் மணம் முடித்து வந்தவர்களும் அவர்கள். 2010 கணக்கெடுப்பில் மொத்த எண்ணிக்கை 5,93,832ஆக இருந்தது. கூடியிருக்கிறது என்றாலும், ஒரு வங்கியோ மருத்துவமனையோ தன் மென்பொருளைத் திருத்தி எழுதத் தூண்டும் எண்ணிக்கை இது இல்லை.

சீன அன்றாடத்தின் வேகத்தைப் பார்த்து வாய்பிளக்கும் பயணக் குறிப்புகள் ஏராளம். பணப்பையே இல்லாமல் ஊர் சுற்றலாம், ஆறு மணிநேர ரயிலுக்குக் கைபேசியிலேயே சீட்டு, வாசலுக்கு அரைமணியில் காய்கறி. அத்தனையும் உண்மைதான். அந்த வேகத்துக்கும் வெளிநாட்டவரின் தடுமாற்றத்துக்கும் காரணம் ஒன்றே என்பதைத்தான் அந்தக் குறிப்புகள் சொல்வதில்லை. கைபேசி எண், வங்கிக் கணக்கு, பணப்பை செயலி, ரயில் சீட்டு, மருத்துவமனை வரிசை எல்லாம் ஒரே அடையாளத்தில் கோக்கப்பட்டிருப்பதால்தான் அவ்வளவு வேகம். அந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி பொருந்தாவிட்டால் அதற்குப் பின்னால் உள்ள எதுவும் நகராது.

முதல் முப்பது நாள்

சட்டப்படி வேலைக்கு வருகிறவர் இசட் விசாவில் வருவார். அதற்கு முன்பே நிறுவனம் வேலை அனுமதி அறிவிப்புக் கடிதம் வாங்கியிருக்க வேண்டும். அதை வாங்க, விண்ணப்பதாரரின் பட்டச் சான்றும் காவல்துறை நன்னடத்தைச் சான்றும் அத்தாட்சி பெற்றிருக்க வேண்டும். இந்த இடத்தில் இந்தியர்களுக்குத் தனியாக ஒரு சுற்று இருக்கிறது. ஒரு நாட்டின் ஒரே முத்திரையைப் பிற நாடுகளும் ஏற்கச் செய்யும் அப்போஸ்டில் உடன்படிக்கை 2023 நவம்பர் 7 முதல் சீனாவில் நடைமுறைக்கு வந்து, பல நாட்டவருக்குத் தூதரக முத்திரை தேவையில்லாமல் போனது. இந்தியாவும் அந்த உடன்படிக்கையில் பல ஆண்டுகளாக இருக்கும் நாடுதான். ஆனால் இந்தியாவுக்கும் சீனாவுக்கும் இடையில் மட்டும் அது செல்லாது. ஆகவே மாநில அரசு, வெளியுறவு அமைச்சகம், சீனத் தூதரகம் என்ற பழைய பாதையில்தான் இந்தியச் சான்றிதழ்கள் இன்னமும் நடக்கின்றன. சென்னையில் சீனத் துணைத் தூதரகம் கிடையாது என்பதால் தமிழ்நாட்டுக்காரருக்கு அந்தப் பாதை இன்னும் கொஞ்சம் நீளம்.

போய் இறங்கியதும் இரண்டு கெடுக்கள் ஓடத் தொடங்கும். ஹோட்டலில் தங்காமல் வீட்டில் தங்கினால், 24 மணிநேரத்துக்குள் அந்தப் பகுதிக் காவல் நிலையத்தில் பதிய வேண்டும். ஹோட்டல்கள் வரும் விருந்தினர் விவரத்தைத் தாமே அனுப்பிவிடும். வீட்டில் இருப்பவர் தானே போக வேண்டும், அல்லது வசதி உள்ள ஊர்களில் இணையத்தில் பதியலாம். தவறினால் எச்சரிக்கை, கூடவே 2,000 யுவான் வரை அபராதமும் விதிக்கலாம். இரண்டாவது, 30 நாளுக்குள் விசாவை வசிப்பு அனுமதியாக மாற்றக் கோர வேண்டும். மருத்துவப் பரிசோதனை, வேலை அனுமதி, காவல் பதிவுச் சீட்டு மூன்றும் கையில் இருந்தால்தான் அந்த விண்ணப்பத்தை எடுத்துக்கொள்வார்கள்.

காவல் பதிவுக்கு வீட்டுச் சொந்தக்காரரின் ஒத்துழைப்பு வேண்டும். வாடகை ஒப்பந்தம், அவரது அடையாள நகல், வீட்டு ஆவணம் எல்லாம் கேட்பார்கள். வாடகை வருமானத்துக்கு வரி கட்டாத சில வீட்டுக்காரர்கள் காவல் நிலையம் என்றதும் பின்வாங்கிவிடுவார்கள். அனுபவப்பட்டவர்கள் இதனால்தான் வீடு பார்க்கும்போதே, சமையலறையைத் திறந்து பார்க்கும் முன், பதிவுக்கு வருவீர்களா என்று கேட்டுவிடுகிறார்கள். முன்பணம் பெரும்பாலும் ஒரு மாத வைப்பும் மூன்று மாத வாடகையும். தரகர் கூலி தனி. முதல் சம்பளம் வருவதற்கு முன் நான்கு ஐந்து மாத வாடகை கையை விட்டுப் போகும் என்பதை வேலைக்கு எடுக்கும் நிறுவனங்கள் சொல்ல மறந்துவிடும்.

வசிப்பு அனுமதிக்கு விண்ணப்பித்ததும் பாஸ்போர்ட்டை அதிகாரிகள் வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். முடிவு சொல்ல அவர்களுக்குச் சட்டம் தரும் அவகாசம் 15 நாள். கையில் ஒரு ரசீதுதான் இருக்கும். சம்பளம் போட வங்கிக் கணக்கு எண் கொடுங்கள் என்று நிறுவனம் கேட்பதும், பாஸ்போர்ட்டைக் காட்டுங்கள் என்று வங்கி கேட்பதும் சரியாக அந்த நாள்களில்தான். யாரும் திட்டமிட்டுச் செய்வதில்லை. மூன்று அலுவலகங்களும் அவரவர் விதிப்படி சரியாகவே நடக்கின்றன.

பெயரால் வரும் வினை

தமிழர்களுக்கு இதில் இன்னொரு சிக்கல் சேர்ந்துகொள்கிறது. சீனப் பெயர்கள் பெரும்பாலும் இரண்டு மூன்று எழுத்துகள். குடும்பப் பெயர் முதலில், சொந்தப் பெயர் பின்னால். நம் வழக்கத்தில் குடும்பப் பெயரே கிடையாது. முன்னெழுத்து உண்டு, பாஸ்போர்ட்டில் அது விரிந்து அப்பா பெயராகிறது. சிலருக்குக் குடும்பப் பெயர்க் கட்டம் வெறுமையாகவே இருக்கும். முத்துக்குமாரசாமி கோவிந்தராஜன் என்ற ஒருவரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். கைபேசிக் கடையில் உள்ள பெண் இரண்டு பெயரையும் இடைவெளி இல்லாமல் அடிக்கிறார். வங்கி எழுத்தர் இடைவெளி விட்டு, அப்பா பெயரை முன்னால் போடுகிறார். நிறுவனத்தின் மனிதவளத் துறை கட்டத்தில் இடம் போதாமல் பாதியில் வெட்டிவிடுகிறது. மனிதருக்கு மூன்றும் ஒரே ஆள். கணினிக்கு மூன்று ஆள்கள்.

அரட்டைக்கும் பணம் செலுத்தவும் பயன்படும் வீசாட் செயலியிலோ, பணம் செலுத்தும் அலிபே செயலியிலோ வங்கி அட்டையை இணைக்க, செயலியில் உள்ள பெயரும் பாஸ்போர்ட் எண்ணும் வங்கியிடம் உள்ளவையோடு எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும். வங்கியில் கொடுத்த கைபேசி எண்ணும் அதே ஆளின் பெயரில் இருக்க வேண்டும். ஓர் இடைவெளி பிசகினாலும் இணையாது. ஏன் இணையவில்லை என்று செயலி சொல்லாது. முதல் நாளே வங்கியில் பெயர் எப்படிப் பதிவாகியிருக்கிறது என்பதை ஒரு தாளில் அச்சிட்டு வாங்கிக்கொள்வது பின்னால் பல நாள் அலைச்சலை மிச்சப்படுத்தும்.

பாஸ்போர்ட் புதுப்பிக்கும் ஆண்டு வந்தால் கதை மறுபடி முதலிலிருந்து. சீனர் அடையாள அட்டையைப் புதுப்பித்தாலும் அந்த 18 இலக்கம் சாகும்வரை மாறாது. பாஸ்போர்ட் எண் ஒவ்வொரு புதுப்பித்தலிலும் மாறும். வசிப்பு அனுமதி, காவல் பதிவு, வேலை அனுமதி, வரிக் கணக்கு, சமூகக் காப்பீடு, வங்கி, கைபேசி, பணப்பைச் செயலிகள், ரயில் சீட்டுக் கணக்கு என்று அத்தனையிலும் புதிய எண்ணை ஏற்ற வேண்டும், அதுவும் ஒரு வரிசைப்படி. பழைய எண்ணில் கணக்கு வைத்திருந்தவரும் நானே என்று நிரூபிக்க வங்கி பழைய பாஸ்போர்ட்டைக் கேட்கும். காலாவதியான பாஸ்போர்ட்டைப் பத்திரமாகப் பெட்டியில் வைத்திருப்பவர்கள் வெறும் ஞாபகார்த்தத்துக்காக வைத்திருக்கவில்லை.

அரசுக்கு இது தெரியாதா? தெரியும். தெரிய வைத்தது முதியவர்கள். கொரோனா காலத்தில் எங்கே நுழையவும் கைபேசியில் உடல்நலக் குறியீட்டைக் காட்டச் சொன்னபோது திறன்பேசி இல்லாத தாத்தா பாட்டிகள் பேருந்தில்கூட ஏற முடியாமல் நின்றார்கள். 18 இலக்கம் இல்லாத வெளிநாட்டவரும் அதே வரிசையில் நின்றார்கள். 2020 நவம்பரில் முதியவர்களின் மின்னணுச் சிரமங்களைக் குறைக்க அரசு தனித் திட்டம் அறிவித்தது. 2024 மார்ச்சில் வெளிவந்த பணம் செலுத்தும் வசதிகள் குறித்த அரசு ஆவணமும் முதியவர்களையும் வெளிநாட்டவரையும் ஒரே மூச்சில் பேசுகிறது. நாட்டின் ஓட்டத்தோடு ஓட முடியாத இரண்டு கூட்டங்கள் என்று இவர்களை ஒன்றாக வைத்துப் பார்த்திருக்கிறார்கள். எனக்கு இது பொருத்தமாகவே படுகிறது. மக்கள்தொகையில் 0.06 சதவீதமே உள்ள வெளிநாட்டவருக்காக மட்டும் யாரும் இவ்வளவு மெனக்கெட்டிருக்க மாட்டார்கள்.

அதன் பலன் கண்கூடு. 2023 கோடையிலிருந்து வெளிநாட்டு வங்கி அட்டைகளை அலிபே, வீசாட் இரண்டிலும் நேரடியாக இணைக்கலாம். 200 யுவானுக்குள் உள்ள செலவுக்குக் கட்டணம் இல்லை. அதற்கு மேல் போனால் 3 சதவீதம். 2024இல் ஒரு முறை செலுத்தும் உச்சவரம்பு 1,000 டாலரிலிருந்து 5,000 டாலராகவும், ஆண்டு வரம்பு 10,000 டாலரிலிருந்து 50,000 டாலராகவும் உயர்ந்தது. ரொக்கத்தை வாங்க மறுப்பது சட்டவிரோதம் என்று மத்திய வங்கி பல முறை சொல்லியிருக்கிறது. சில்லறை கொடுக்கத்தான் கடைக்காரரிடம் ஒன்றும் இருக்காது. ஹோட்டல்கள் விஷயத்திலும் 2024இல் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள்: தகுதி இல்லை என்று காரணம் காட்டி வெளிநாட்டவரைத் திருப்பி அனுப்பக்கூடாது. சிறு ஊர்களில் முன்மேசையில் இருக்கும் பையனுக்குப் பாஸ்போர்ட் விவரத்தைக் காவல்துறை மென்பொருளில் எப்படி ஏற்றுவது என்று தெரியாது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே.

ரயில் நிலையங்களில் சீனர்கள் அடையாள அட்டையைத் தட்டிவிட்டு வாயிலைக் கடந்து போவார்கள். வெளிநாட்டவர் பெரும்பாலும் ஓரத்தில் ஆள் நிற்கும் வழிக்குப் போய்ப் பாஸ்போர்ட்டை நீட்ட வேண்டும். பாஸ்போர்ட்டைப் படிக்கும் வாயில்களும் இப்போது சில நிலையங்களில் வந்துவிட்டன. ஆகவே அங்கே வாழ்பவர் பால் வாங்கப் போகும்போது எடுக்காவிட்டாலும், ஊர் விட்டு ஊர் போகும்போது பாஸ்போர்ட் இல்லாமல் கிளம்ப மாட்டார்.

வேலை போனால் விசாவும் போகும்

2017 ஏப்ரல் முதல் வெளிநாட்டுப் பணியாளர்களை ஏ, பி, சி என்று மூன்று வகையாகப் பிரிக்கிறார்கள். சம்பளம், படிப்பு, அனுபவம், சீன மொழித் தேர்ச்சி, வயது என்று மதிப்பெண் போட்டு, 85ஐ எட்டினால் ஏ, 60 முதல் பி. பெரும்பாலானோர் பி வகையில் வருவார்கள்: பட்டப்படிப்பு, இரண்டாண்டு அனுபவம், 60 வயதுக்குள். 2024 டிசம்பர் முதல் வேலை அனுமதி அட்டை தனியாக இல்லை; சமூகக் காப்பீட்டு அட்டையோடு அது ஒன்றாகிவிட்டது.

இந்த அனுமதி ஆளுக்கானது என்பதைவிட ஆளையும் நிறுவனத்தையும் கட்டும் முடிச்சு என்பதே சரி. பாஸ்போர்ட்டில் வசிப்பு அனுமதி இன்னும் எட்டு மாதம் மிச்சம் இருக்கலாம். வேலையை விட்டால் நிறுவனம் அனுமதியை ரத்து செய்யும். அதோடு வசிப்பு அனுமதியின் அடிப்படையும் போய்விடும். புதிய வேலைக்கு மாற, பழைய நிறுவனம் வேலை முடிப்புச் சான்று கொடுக்க வேண்டும், அதில் சிவப்பு முத்திரை இருக்க வேண்டும். சீனாவில் மேலாளரின் கையெழுத்தைவிட நிறுவன முத்திரைக்குத்தான் மதிப்பு. அந்த முத்திரை காவல்துறையில் பதிவானது. சான்று தர மறுப்பது தொழிலாளர் ஒப்பந்தச் சட்டத்துக்கு முரண். ஆனால் தொழிலாளர் நடுவர் மன்றத்துக்குப் போய்த் தீர்ப்பு வாங்குவதற்குள் நாட்டில் இருக்கும் அனுமதி தீர்ந்துவிடும். சம்பளத் தகராறுகளில் வெளிநாட்டவர் பலர் கிடைத்ததை வாங்கிக்கொண்டு சமாதானமாகப் போவதற்கு இதுதான் காரணம். பயமோ பண்போ அல்ல.

அனுமதி இல்லாத வேலைக்கு 5,000 முதல் 20,000 யுவான் வரை அபராதம். கடுமையான நிலையில் 5 முதல் 15 நாள் காவலும் சேரும். இதில் அதிகம் மாட்டுவது ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கப் போகிறவர்கள். மொழி ஆசிரியர் வேலைக்கு அந்த மொழியைத் தாய்மொழியாகக் கொண்ட நாட்டுக் குடிமகனாக இருக்க வேண்டும் என்பது பொது விதி. ஆங்கிலம் என்றால் அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, அயர்லாந்து, தென்னாப்பிரிக்கா. கான்வென்டில் படித்து ஆங்கிலத்தில் முனைவர் பட்டம் வாங்கிய சென்னைக்காரரோ கொழும்புக்காரரோ இந்தப் பட்டியலில் வரமாட்டார். இடைத்தரகர்கள் இதைச் சொல்லாமல் வணிக விசாவில் ஆளை அனுப்பிவிட்டு ஒதுங்கிக்கொள்வார்கள். 2021 ஜூலையில் பள்ளிப் பாடங்களுக்கான தனிப்பயிற்சித் தொழிலை அரசு ஒரே ஆணையில் நெரித்தபோது பட்டியல் நாட்டுக்காரர்களே கூட்டம் கூட்டமாக வேலை இழந்தார்கள்.

சம்பளம் கைக்கு வந்தபிறகும் சில கணக்குகள் இருக்கின்றன. வருமான வரி 3 முதல் 45 சதவீதம் வரை படிப்படியாக ஏறும்; ஆண்டுக்கு 60,000 யுவான் கழிவு. வீட்டு வாடகை, பிள்ளைகள் படிப்பு போன்றவற்றுக்கு நிறுவனம் தரும் படிகளுக்கு வெளிநாட்டவருக்கு மட்டும் உள்ள வரிவிலக்கு 2027 முடிவுவரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. ஷாங்காய், பெய்ஜிங் சர்வதேசப் பள்ளிகளின் கட்டணம் ஆண்டுக்கு இரண்டு மூன்று லட்சம் யுவானைத் தொடும் என்பதால், குடும்பத்தோடு இருப்பவருக்கு அந்த விலக்குதான் சம்பளத்தையே தீர்மானிக்கிறது. தொடர்ந்து ஆறாண்டு வசித்தால் உலகளாவிய வருமானத்துக்கும் வரி உண்டு; இடையில் ஒரே ஆண்டில் 30 நாளுக்கு மேல் தொடர்ச்சியாக வெளியே இருந்தால் கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். அதனால் ஆறாம் ஆண்டு கோடையில் நீண்ட விடுமுறை எடுப்பவர்களை அங்கே யாரும் வியப்பாகப் பார்ப்பதில்லை. சம்பளத்தை ஊருக்கு அனுப்ப வேண்டுமென்றால் வேலை ஒப்பந்தம், வரி கட்டிய சான்று எல்லாவற்றையும் வங்கிக்கு எடுத்துப்போக வேண்டும். வரி கட்டாமல் கையில் வாங்கிய பணம் யுவானாகவே கிடக்கும்.

அம்மாவோடு எப்படிப் பேசுவது

கூகுள், ஃபேஸ்புக், யூடியூப் ஆகியவை சீனாவில் திறக்காது என்பது எல்லோரும் அறிந்தது. வாட்ஸ்அப் 2017இல் முடங்கியது. மற்ற நாட்டுக்காரர்கள் பெற்றோரின் கைபேசியில் வீசாட்டைப் போட்டுக்கொடுத்துப் பிரச்சினையை முடித்துவிடுவார்கள். இந்தியருக்கு அந்த வழியும் அடைபட்டுவிட்டது. லடாக் எல்லை மோதலை அடுத்து 2020 ஜூன் 29 அன்று இந்தியா தடைசெய்த 59 செயலிகளில் வீசாட்டும் ஒன்று. இரண்டு அரசுகளுமாகச் சேர்ந்து மகனுக்கும் அம்மாவுக்கும் நடுவில் இரண்டு சுவர் எழுப்பியிருக்கின்றன. ஐபோன் வைத்திருப்பவர்கள் ஃபேஸ்டைமில் பேசுகிறார்கள். இந்திய சிம்மை ரோமிங்கில் வைத்திருந்தால் இணையம் ஊர் நிறுவனத்தின் வழியாகவே வரும் என்பதால் வாட்ஸ்அப் வேலை செய்யும்; கட்டணம்தான் கடிக்கும். மற்றவர்கள், இணையத் தடையைச் சுற்றிக்கொண்டு போக உதவும் விபிஎன் பக்கம் போகிறார்கள். அனுமதி பெறாத விபிஎன் சட்டப்படி தவறு. தனிநபர்களுக்கு அபராதம் விதித்த நிகழ்வுகளும் உண்டு. நடைமுறையில் வெளிநாட்டவர் பலரின் கைபேசியில் அது இருக்கிறது.

போக்குவரத்திலும் இதே கதைதான். கொரோனாவில் நின்ற இந்திய – சீன நேரடி விமானங்கள், எல்லைப் பகையும் சேர்ந்துகொள்ள, 2025 அக்டோபர் 26 அன்று கொல்கத்தா – குவாங்சோ விமானம் கிளம்பும்வரை வரவில்லை. ஐந்தாண்டுக்கு மேல் சிங்கப்பூர், பாங்காக், ஹாங்காங், கொழும்பு என்று சுற்றித்தான் போனார்கள். 2020 மார்ச் 28 அன்று சீனா செல்லுபடியான விசா வைத்திருந்தவர்களையும் உள்ளே விடாமல் கதவை அடைத்தபோது, விடுமுறைக்கு ஊர் வந்திருந்த இந்திய மருத்துவ மாணவர்கள் 2022 பிற்பகுதிவரை திரும்ப முடியவில்லை. இருபதாயிரத்துக்கு மேற்பட்ட அந்த மாணவர்களில் தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் உண்டு. உடற்கூறியலையும் அறுவை சிகிச்சையையும் மடிக்கணினியில் படித்தவர்கள் அவர்கள். பின்னர் இந்தியாவில் பயிற்சிக்கு விண்ணப்பித்தபோது அந்த இணைய வகுப்புகளே தடையாக வந்து நின்றன.

தமிழர் சீனாவில் வாழ்வது புதிதல்ல. ஃபூஜியன் கடற்கரையில் உள்ள சுவான்சோ துறைமுகத்தில் கிடைத்த தமிழ்க் கல்வெட்டு, கி.பி. 1281 சித்திரையில் சம்பந்தப் பெருமாள் என்பவர் அங்கே சிவனை எழுந்தருளச் செய்ததைச் சொல்கிறது. கான் என்ற மங்கோலியப் பேரரசரின் நலத்துக்காக, அவரது பர்மான்படி, அதாவது அரசாணைப்படி, செய்ததாக அதில் வாசகம். அந்தக் கான் குப்லாய் கான் என்பது அறிஞர்கள் முடிவு. எழுநூறு ஆண்டுகளுக்கு முன்பும் அனுமதிச் சீட்டு இல்லாமல் ஒரு காரியமும் நடக்கவில்லை என்றுதான் அந்தக் கல்லைப் படிக்கத் தோன்றுகிறது. நம் காலத்தில் சீன வானொலியின் தமிழ்ப் பிரிவு 1963இல் தொடங்கியது. அதன் வழியாகத் தமிழ்நாட்டிலிருந்து பெய்ஜிங் போய் வேலை செய்தவர்கள் ஒரு சிறு வரிசை. துணி வாங்கப் போகும் இந்திய வியாபாரிகளின் ஊர் ஷாவ்ஷிங் மாநகரைச் சேர்ந்த கெச்சியாவ். சில்லறைச் சாமான்களுக்கு யிவூ. அங்குள்ள சர்வதேச வணிக நகரில் 75,000க்கு மேல் கடைகள். இந்த ஊர்களில் சப்பாத்தியும் சாம்பாரும் தேடி அலைய வேண்டியதில்லை. அங்குள்ள வங்கி எழுத்தர்களும் நீளப் பெயர்களைப் பார்த்து மிரள்வதில்லை, பார்த்துப் பழகிவிட்டார்கள். தலைநகரில் கிடைக்காத வசதி இந்தச் சந்தை ஊர்களில் கிடைப்பதற்குக் காரணம், அங்கே வெளிநாட்டவர் விதிவிலக்கு அல்ல, வாடிக்கையாளர்.

நிரந்தரமாக இருந்துவிடலாமா

2004 முதல் வெளிநாட்டவருக்கு நிரந்தர வசிப்பு உரிமை என்று ஒன்று சீனாவில் இருக்கிறது. கிடைப்பதுதான் அரிது. 2016இல் 1,576 பேருக்குக் கொடுத்தார்கள். முந்தைய ஆண்டைவிட அது ஒன்றரை மடங்குக்கு மேல் அதிகம் என்று பெருமையாகச் செய்தி வந்தது. 2023 டிசம்பர் 1 முதல் அந்த அட்டையின் புதிய வடிவம் வருகிறது. அதில் செய்திருக்கும் முக்கியமான மாற்றம், வெளிநாட்டவருக்கும் 9இல் தொடங்கும் 18 இலக்க எண் கொடுத்ததுதான். 2018இல் ஹாங்காங், மக்காவ், தைவான்காரர்களுக்கும் இதே முறையில் 18 இலக்க வசிப்பு அட்டை கொடுத்தார்கள். லட்சக்கணக்கான மென்பொருள்களைத் திருத்துவதைவிட, மனிதர்களை அந்தக் கட்டத்துக்குள் பொருந்தும்படி செய்வது எளிது என்று கண்டிருக்கிறார்கள். மோசமான தீர்வு என்று சொல்ல மாட்டேன். ஆனால் அது எட்டுவது ஒரு சிறு கூட்டத்துக்கு மட்டும். வேலை அனுமதியில் இருக்கும் சாதாரணப் பொறியாளருக்கோ கணக்காளருக்கோ அப்படி ஒரு நிலையான எண்ணைக் கொடுப்பதில் தொழில்நுட்பத் தடை ஒன்றும் தெரியவில்லை.

2025 அக்டோபர் 1 முதல் அறிவியல், தொழில்நுட்பம் படித்த இளைஞர்களுக்காகக் கே விசா என்ற புதிய வகை நடைமுறைக்கு வந்தது. அழைக்க ஒரு சீன நிறுவனம் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை இதற்கு இல்லை. அமெரிக்கா எச்1பி விசாவுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் அறிவித்த அதே சமயத்தில் இது வந்ததால் இந்தியாவில் பெரிய செய்தியானது. சீன இணையத்தில் எழுந்த குரல் வேறு. அந்த ஆண்டு ஆகஸ்டில், மாணவர்கள் நீங்கலாக 16 முதல் 24 வயதினரிடையே வேலையின்மை 18.9 சதவீதம். எங்களுக்கே வேலை இல்லாதபோது வெளியிலிருந்து ஆள் எதற்கு என்று கேட்டார்கள். இந்தியர்கள் வந்து குவிந்துவிடுவார்கள் என்ற பேச்சு, சில இடங்களில் அருவருப்பான சொற்களோடு, ஓடியது. கே விசாவைக் குடியேற்றத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டாம் என்று அரசு ஏடுகள் விளக்கம் எழுத வேண்டி வந்தது. பத்தாயிரத்துக்கு ஆறு பேர் என்ற எண்ணிக்கை நாளை பன்னிரண்டு ஆனாலும் அந்த இளைஞர்களின் வேலைச் சந்தையில் அது ஒரு கீறலைக்கூட உண்டாக்காது. பன்னிரண்டு பேரானால் அந்தப் படிவங்கள் மாறுமா என்றால், அதற்கும் போதாது என்றே நினைக்கிறேன்.